பெற்றோரை இழந்தபின் கடற்கரையில் நடத்தல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னரே வீட்டின் வெறுமை புலப்படத் தொடங்குகிறது. அதுவரை வருவோரைக் கவனிப்பதிலும் சான்றிதழ்களுக்காக அலைவதிலும் நாள்கள் கழிந்துவிடும். தாயையோ தந்தையையோ மாதக்கணக்கில் பராமரித்தவருக்கு இவ்வெறுமை இருமடங்காகும். மருந்து கொடுக்கும் வேளை வரும். கொடுப்பதற்கு ஆள் இராது. நள்ளிரவில் பழக்கத்தால் விழிப்பு வரும். எழுந்து சென்று பார்க்க அக்கட்டிலில் எவரும் இரார். ‘இன்னும் ஒரு வாரம் முன்னதாக அழைத்து வந்திருக்கலாமோ’ என்னும் எண்ணம் மனத்தை அரிப்பதும் அவ்வேளையில்தான். இவ்வினா நீங்காது வருத்துமாயின், சிகிச்சையளித்த மருத்துவரை நேரில் கண்டு கேட்டுவிடுதல் நன்று. நடந்தது இன்னதென அறிவது, ஊகித்து ஊகித்து வாடுவதைக் காட்டிலும் தாங்கத்தக்கது.

துயரத்துக்கு ஐந்து படிநிலைகள் உண்டென்று பலரும் கேள்விப்பட்டிருப்போம். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் கூறியவை அவை. ஆனால் அவர் உரையாடியது தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளுடன்; எஞ்சியிருப்போர் அனைவரும் அவ்வரிசையில் ஏறிச் செல்வர் என எதிர்பார்ப்பதற்கில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் ஆகியோர் 1999இல் முன்வைத்த விளக்கம் நாம் காண்பதற்கு நெருக்கமாக உள்ளது. இழந்தவர் ஒருபொழுது இழப்பில் ஆழ்கிறார். மற்றொரு பொழுது அன்றாட அலுவல்களுக்குத் திரும்புகிறார். இவ்விரண்டுக்கும் இடையேயான ஊசலாட்டமே இயல்பானது என்பது அவர்தம் கருத்து. ஆகவே காலையில் அழுதவர் மாலையில் சிரித்துப் பேசினால் அது மறதியும் அன்று, அன்பின் குறைவும் அன்று.

கடற்கரையில் நடப்பது இவ்வூசலாட்டத்துக்கு இடம் தருகிறது. கால்கள் நடந்துகொண்டிருக்கும், மனம் விரும்பியபடி நினைவுக்குள் சென்று மீளலாம். எவருக்கும் விடை கூற வேண்டியதில்லை. அலையோசையில் அழுகையும் பிறர் செவிக்கு எட்டாது. அஸ்தியைக் கடலில் கரைத்தோருக்கும், அமாவாசையன்று கரையில் தர்ப்பணம் செய்வோருக்கும் அவ்விடம் முன்பே உறவுடையது. காலை வெயில் உடலின் உறக்க விழிப்பு ஒழுங்கைச் சீர்செய்ய உதவுகிறது. நடைப்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்க உதவுவதும் அறியப்பட்டதே. இதற்காகக் கடல் ஒரு மருந்து என நாம் கூறவில்லை. கடல் இல்லாத ஊரினர் ஏரிக்கரையில் நடப்பினும் இப்பயன்களுள் பெரும்பாலானவை கிட்டும்.

முதல் வாரங்களில் பதினைந்து நிமிடமே போதும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப் பின்னர் எட்டிக்கொள்ளலாம். சர்க்கரை நோயுடையோர் மணலில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. கிளிஞ்சல் கீறியதும் மணல் சுட்டதும் உணர்விழந்த பாதத்துக்குத் தெரியாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றுடன் புறப்படுதலும் தகாது. பராமரிப்பாளர்களுள் பலர் தம் மாத்திரைகளை மறந்தே பல மாதங்களைக் கழித்திருப்பர். அவர்கள் நடக்கத் தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளட்டும். கடலில் இறங்குதல் வேண்டா. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெண்ணிற நினைவு மண்டபம், 1930இல் பிறரைக் காப்பாற்ற முயன்று மூழ்கிய ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பப்பட்டது. அக்கரையின் நீரோட்டம் இன்றும் வலியதே.

ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். நெருங்கியவர் இறந்த முதல் சில நாள்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு கூடுகிறது. கடும் துயரம் இதயத்தின் கீழறையைத் தற்காலிகமாகத் தளரச் செய்வதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்த இந்நிலைக்கு, அங்கு ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் ‘டகோட்சுபோ’ என்று பெயர். மாரடைப்பையும் இதையும் வீட்டிலிருந்தபடி வேறுபடுத்தி அறிய இயலாது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் ‘துக்கத்தால் வந்தது’ என்று படுத்திருக்காமல், 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு வருக.

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் சிறிதும் தணியாது, வேலையும் உணவும் உறக்கமும் குலைந்தே இருக்குமாயின், உளநல மருத்துவரை நாடுதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இழந்தவர் நாம் மட்டும் அல்லோம். வீட்டில் எஞ்சியிருக்கும் தாயோ தந்தையோ தம் துணையை இழந்திருக்கிறார். பிள்ளைகள் தம்முள் பேசிக்கொள்கையில் அவர் ஒரு மூலையில் அமர்ந்திருப்பதைப் பல இல்லங்களில் காணலாம். நடக்க இயன்றால் அவரையும் உடன் அழைத்துச் செல்க. இயலாதோருக்கெனச் சென்னை மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அலைக்கு அருகே செல்லும் மரப்பாதை 2022இல் அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியிலும் செல்லலாம். வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசும் பொழுதில் அங்குச் சிறிது நேரம் அவரருகே இருங்கள்; மறைந்தவரைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், பேச்சை மாற்றாமல் கேளுங்கள்.