கவர்ன்மெண்டா, பிரைவேட்டா? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சொல்லித் தரும் பாடம்



நான் பிளஸ் டூ முடிச்ச லீவுல எங்க வீட்டுல தினமும் ஓடின கேள்வி இதுதான்: "கவர்ன்மெண்ட் காலேஜா, பிரைவேட் காலேஜா?" ஒரு நாள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பத்திப் பேச்சு வந்தது. "அது பிரைவேட் ஆச்சே" என்றார் பெரியப்பா. "இல்லண்ணே, கவர்ன்மெண்ட்" என்றார் அப்பா. பெரியப்பா விடவே இல்லை. அவர் அங்கே கரஸ்ல பி.காம். முடிச்சவர். "நான் படிச்ச இடம் எனக்குத் தெரியாதா?"ன்னு கோபமே வந்துடுச்சு.

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்னு இப்போ ஃபைனல் இயர்ல உட்கார்ந்து படிக்கும்போதுதான் புரிஞ்சது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் பார்க்கப் போறோம்.

முதலில் ஒரு அடிப்படை

நம்ம நாட்டில் பட்டம் கொடுக்கும் உரிமை எல்லாருக்கும் கிடையாது. 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி மூன்று வகை நிறுவனங்களுக்குத்தான் அந்த உரிமை பொதுவாக உண்டு. நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானவை ஒன்று. மாநிலச் சட்டத்தால் உருவானவை இரண்டு. அதே யுஜிசி சட்டத்தின் 3ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மூன்று. இவற்றைத்தான் நாம 'டீம்டு'ன்னு சொல்றோம். உதாரணத்துக்கு, 1984-ல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வேலூர் விஐடி, 2001-ல் நிகர்நிலை ஆனது.

ஆக, பணம் போட்டவர் தனியார் என்றாலும் பட்டம் கொடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்துதான் வர வேண்டும். அண்ணாமலை கதையைப் புரிஞ்சுக்க இது ரொம்ப முக்கியம்.

ஒரு கல்லூரியில் தொடங்கியது

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) வட்டித்தொழில், வங்கித்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1920-ல் அவர் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கென்று தனியாக மீனாட்சி தமிழ்க் கல்லூரி வந்தது. அதன் முதல்வராக 1924 முதல் 1927 வரை இருந்தவர் உ.வே.சாமிநாதையர்.

அப்போ தமிழ்ப் பகுதிக்கு இருந்த ஒரே பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். சிதம்பரம் கல்லூரிகளும் அதன் கீழ்தான். அண்ணாமலைச் செட்டியார் தன் கல்லூரிகளோடு 20 லட்ச ரூபாயையும் சேர்த்து, ஒரு புதிய பல்கலைக்கழகத்துக்காகக் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம்! மாகாணச் சட்டமன்றம் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்ற, 1929-ல் பல்கலைக்கழகம் பிறந்தது. அப்போ இதன் கீழ் இணைப்புக் கல்லூரிகள் இருக்கவில்லை. ஒரே வளாகம், அங்கேயே விடுதி, அங்கேயே வகுப்பு.

சட்டத்துக்குள் இருந்த சாவி

இங்கேதான் கவனிக்கணும். மாகாணச் சட்டத்தால் உருவானதால் காகிதத்தில் அது அரசு சட்டப் பல்கலைக்கழகம். ஆளுநர்தான் வேந்தர். ஆனால் அதே சட்டம் நிறுவனர் குடும்பத்துக்குப் பெரிய இடம் கொடுத்திருந்தது. இணைவேந்தர் பதவி அவர்களுக்கு. துணைவேந்தர் பதவிக்கு மூன்று பேர் கொண்ட பட்டியலை நிறுவனர் தருவார், ஆளுநர் அதிலிருந்துதான் ஒருவரை நியமிக்க முடியும்.

அண்ணாமலைச் செட்டியாருக்குப் பிறகு 1948-ல் மகன் முத்தையா செட்டியார், 1984-ல் பேரன் எம்.ஏ.எம். ராமசாமி என்று மூன்று தலைமுறை இணைவேந்தர்கள். சட்டத்தைப் பார்த்தால் கவர்ன்மெண்ட். சாவி யார் இடுப்பில் இருந்தது என்று பார்த்தால் பிரைவேட். எங்க பெரியப்பாவும் அப்பாவும் சண்டை போட்டது இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

வளர்ந்த விதம்

இந்த அமைப்பு நல்லது செய்யலைன்னு சொல்ல முடியாது. இலங்கையைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர் 1931-ல் இங்கே தமிழ்ப் பேராசிரியராக வந்தார். தமிழில் பாட்டுப் பாட மேடையே இல்லைன்னு குரல் எழுந்தபோது, 1941-ல் தமிழிசை மாநாடு இந்த வளாகத்தில்தான் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. நம்ம துறைக்கு வந்தா, 1945-லேயே இங்கே பொறியியல் படிப்பு தொடங்கிவிட்டது, சுதந்திரத்துக்கு முன்னாலேயே! 1961-ல் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வு மையம் வந்தது.

மாணவர்களும் சும்மா இல்லை. இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் இங்கே படித்தவர்கள். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ராஜேந்திரன் இந்தப் பல்கலைக்கழக மாணவர்தான்.

1979-ல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. இது பெரிய திருப்பம். வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கணும்னு நினைச்சவங்க, கல்யாணத்தால் படிப்பை விட்ட பெண்கள் என எத்தனையோ பேருக்கு வீட்டு வாசலுக்குத் தபாலில் பாடப் புத்தகம் வந்தது. எங்க பெரியப்பா பகலில் மில் ஆபீஸில் கணக்கு எழுதிட்டு, ராத்திரி அந்தப் புத்தகங்களைப் படிச்சவர். பல்கலைக்கழகத்துக்கும் இது பெரிய வருமானம். 1980-ல் பல் மருத்துவக் கல்லூரி, 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று வளாகம் பெருத்துக்கொண்டே போனது.

பாரம் தாங்கவில்லை

படிப்புகளோடு ஆட்களும் பெருகினார்கள். ஆசிரியர், ஊழியர் எல்லாம் சேர்த்து 12,000-க்கும் மேல்! தேவைக்கு மிக அதிகம் இது. 2012 இறுதியில் பணத் தட்டுப்பாடு வெளியே வந்தது. சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள், ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்றதும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நிதி நிர்வாகம் சரியில்லை என்று காரணம் சொல்லி, 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஐஏஎஸ் அதிகாரி ஒருவரை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டு புதுச் சட்டம் வந்தது. 84 வருஷமாக ஒரே குடும்பத்திடம் இருந்த இணைவேந்தர் பதவி, உயர்கல்வி அமைச்சருக்குப் போனது. உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் மற்ற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

போர்டு மாறினாலும் ஃபீஸ் உடனே மாறவில்லை. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள். இங்கே எம்பிபிஎஸ் மாணவர்கள் 5 லட்சத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம்தானே?" என்று 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். விடுதியை மூடினாலும் விடவில்லை. 50 நாளுக்கு மேல் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 2021-ல் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கட்டணமும் குறைந்தது. 2013-ல் சட்டம் எழுதியதை எட்டு வருஷம் கழித்து மாணவர்கள்தான் நிஜமாக்கினார்கள்.

நமக்கு என்ன பாடம்?

முதல் பாடம்: 'கவர்ன்மெண்டா, பிரைவேட்டா' என்ற கேள்வி மட்டும் போதாது. துணைவேந்தரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கணும்.

இரண்டாவது: வளர்ச்சி வேற, வீக்கம் வேற. புதுப் பிளாக், புது கோர்ஸ் எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதற்கு வருமானம் எங்கிருந்து வருது, அது நின்னுட்டா என்ன ஆகும்னு யோசிக்கணும்.

மூன்றாவது: அங்கீகாரத்தைச் சேரும் வருஷத்திலேயே சரிபாருங்க. இதே பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022-ல் யுஜிசி பொது அறிவிப்பு கொடுத்தது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நாம சேரும் படிப்புக்கு, நாம சேரும் ஆண்டில் அனுமதி இருக்கா என்பதுதான் கணக்கு.

இதையெல்லாம் போன வாரம் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்போ என் சர்டிபிகேட்?" என்றார். "உங்களது செல்லும் பெரியப்பா, நீங்க முடிச்சது அதுக்கு ரொம்ப முன்னாடி" என்றேன். "அப்பாடா" என்று சிரித்தார். ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம் ஆச்சு. ஆனாலும் அந்தக் காகிதத்தை இன்னும் பீரோவில் பத்திரமா வெச்சிருக்கார்.

இந்த வருஷம் உங்க தம்பி, தங்கச்சி யாராவது கவுன்சிலிங் போறாங்களா? இந்தக் கட்டுரையை அவங்களுக்கு அனுப்புங்க.