துப்பாக்கி விளையாட்டும் பிள்ளையின் கோபமும்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் செல்போனில் எந்நேரமும் சுடுகிற விளையாட்டுதான் ஆடுகிறான். கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். முரடனாகிவிடுவானோ?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: விளையாட்டு மட்டுமே ஒரு பிள்ளையை முரடனாக்கிவிடாது, அம்மா. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தியது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு; ஆனால் வன்முறைச் செயல்களுக்கு இவையே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. 2019இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு, 14, 15 வயது பிரிட்டன் பிள்ளைகளிடம் விளையாடும் நேரத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பைக் காணவில்லை.

பிறகு ஏன் எரிந்து விழுகிறான்? குழுவாக ஆடும்போது பாதியில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்பார்கள். தோற்ற எரிச்சலும் இருக்கும், தூக்கக் குறைவும் இருக்கும். ஆகவே, “இந்த ஆட்டம் முடிந்ததும் வா” என்று சொல்லிப் பாருங்கள். இரவில் செல்போன் அவன் படுக்கையருகே இருக்க வேண்டாம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஆடுகிறான், யாரோடு பேசுகிறான் என்று கேளுங்கள்.

படிப்பு, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினாலோ, கை நீட்டினாலோ தயங்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.