24 அடிப் பாம்பு இடம் மாறிய கதை



இந்தத் தாளைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு வாசலில் இருந்து தண்ணீர்க் குழாய் பக்கமாக வராந்தாவில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துட்டு வாங்க. நீளம் 24 அடி. அதற்குப் பக்கத்திலேயே 9 அடிக்கு ஒரு நீலக் கோடும் இருக்கும். இந்தக் கட்டுரை இந்த இரண்டு கோடுகளைப் பற்றியதுதான்.

முதலில் நீலக் கோடு. எங்க பெரியப்பா கொல்லிமலை அடிவாரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நாமக்கல் மாவட்டத்துக் கோழிப்பண்ணைகள் உங்களுக்கே தெரியும். தீவனம் சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். சாரைப்பாம்பு வருவதெல்லாம் அங்கே பெரிய செய்தியே இல்லை. போன வருஷம் ஐப்பசி மழையில் வந்தது மலைப்பாம்பு. கூண்டுக்கு அடியில், எச்சக் குவியல் ஓரமாகச் சுருண்டு கிடந்ததாம். பண்ணையில் வேலை செய்யும் அண்ணன்கள் சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடித்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் விட்டு, மேலே கம்பி வலையைக் கட்டிவிட்டார்கள்.

பிடித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பார்க்கிறதுக்கு ஊரே வந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் பெருமைதான். “நம்ம பண்ணைப் பாம்பு”ன்னு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பன்னிரண்டு நாள் டிரம்மிலேயே இருந்தது. செத்த கோழியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. வெளியே போக வழி தேடி வலையில் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை விலங்கியல் டீச்சரிடம் ரொம்ப சந்தோஷமாகத்தான் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “ஏம்மா, அது அட்டவணை ஒன்று விலங்கு, தெரியுமா? வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். இன்றைக்கு சாயந்திரமே பெரியப்பாவையே வனத்துறைக்குப் போன் பண்ணச் சொல்” என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் டீச்சருக்குத் தெரிந்திருக்காதே என்றுகூட நினைத்தேன். பெரியப்பாவிடம் போய், “பெரியப்பா, அதை வெச்சிருந்தா கேஸ் ஆயிருமுங்க” என்றேன். “ஏங் கண்ணு, ஊரெல்லாம் சொல்லி என்னைய உள்ளே தள்ளப் பாக்கறியா?” என்று சத்தம் போட்டார். ஆனால் ராத்திரியே போன் பண்ணிவிட்டார்.

காலையில் வனத்துறையில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் மெதுவாக, “சார், இதைக் குரும்பப்பட்டி ஜூவுக்குக் கொண்டு போவீங்களா?” என்று கேட்டேன். நாம் ஏழாம் வகுப்பில் ஏற்காடு சுற்றுலா போனபோது அடிவாரத்தில் பார்த்தோமே, அந்தப் பூங்கா. என் மனசில் நம்ம பாம்பு கண்ணாடிக்குப் பின்னால் பெயர்ப் பலகையோடு இருக்கிற மாதிரி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். “எதுக்கு பாப்பா? இது காட்டுல பொறந்தது. மூக்குப் புண்ணை டாக்டர்கிட்ட காட்டி மருந்து போட்டுட்டு, காட்டுலயே விட்டுருவோம். இனிமே காட்டுல பொழைக்கவே முடியாதுங்கறதுதான் ஜூவுக்குப் போகும்” என்றார்.

அப்படியானால் எந்தப் பாம்புதான் ஒரு மனிதர் வீட்டில் இருந்து ஜூவுக்குப் போகும்? இதைத் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் அந்த வெள்ளைக் கோடு.

ஃபிளஃபி

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் விலங்கியல் பூங்கா இருக்கிறது. அங்கே இருந்த ஒரு பாம்பின் பெயர் ஃபிளஃபி. புசுபுசுவென்று முடி உள்ள பூனைக்குட்டிக்கு வைக்கிற பெயர் இது. ஒரு முடிகூட இல்லாத பாம்புக்கு யார் இந்தப் பெயரை வைத்தார்களோ! இது நம்ம ஊர் மலைப்பாம்பு இனம் இல்லை. உடம்பு முழுக்க வலை பின்னினது மாதிரி கோலம் இருக்கும் ‘ரெட்டிகுலேட்டட்’ மலைப்பாம்பு. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும். இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் நிக்கோபார் தீவுகளுக்குப் போக வேண்டும். உலகத்திலேயே நீளமாக வளரும் பாம்பு இனம் இதுதான்.

ஃபிளஃபியைக் குட்டியில் இருந்து வளர்த்தவர் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த பாப் கிளார்க் என்ற பாம்பு வளர்ப்பாளர். அங்கே அது ஒரு தொழில். 2007-ல் இந்தப் பாம்பைக் கொலம்பஸ் பூங்காவுக்குப் பார்வைக்காக இரவலாகக் கொடுத்தார். கூட்டம் அள்ளியது. அப்புறம் பூங்காவே அதை விலைக்கு வாங்கிவிட்டது. நீளம் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். எடை 300 பவுண்டு. நம்ம கணக்கில் 136 கிலோ, கிட்டத்தட்ட மூன்று நெல் மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் வாழும் பாம்புகளில் மிக நீளமானது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. எங்க வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. ஃபிளஃபி அதில் சுவர் ஓரமாக நேராகப் படுக்க முடியாது, மூலைக்கு மூலைதான் படுக்க வேண்டும். (மூலைவிட்டம் எவ்வளவு என்று பிதாகரஸ் தேற்றம் போட்டுப் பாருங்கள்.) 2010 அக்டோபரில், 18 வயதில் செத்துப்போனது. கட்டி இருந்ததுதான் காரணமாகத் தெரிந்தது.

முட்டையில் இருந்து வரும்போது இந்த இனத்துக் குட்டி இரண்டு அடிதான் இருக்கும், அழகாகவும் இருக்கும். வாங்குகிறவர் அதைத்தான் பார்த்து வாங்குகிறார். நாலைந்து வருஷத்தில் அதற்கு ஒரு அறை வேண்டும், சூடு வேண்டும், படுத்துக்கொள்ளப் பெரிய தண்ணீர்த் தொட்டி வேண்டும், முயல் முயலாகத் தீனி வேண்டும். ஒரு ஆளாகத் தூக்கவும் முடியாது. மலைப்பாம்பு இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். வளர்க்கிறவர் வீடு மாறுவார், நோயில் விழுவார், அப்போது பாம்பை என்ன செய்வது? கிளார்க் மாதிரி தொழில் தெரிந்தவருக்கு ஜூவில் வாசல் திறந்தது. எல்லாருக்கும் திறக்காது. ஜூவிலும் இடம் கொஞ்சம்தானே.

வாசல் திறக்காதவர்களில் சிலர் செய்த காரியம் ஃப்ளோரிடா மாநிலத்தில் தெரிகிறது. வீட்டுப் பாம்புகளைச் சிலர் சதுப்புக்காட்டில் விட்டுவிட்டார்கள், சில தப்பியும் போயின. பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகி முயல், ரக்கூன் எல்லாவற்றையும் காலி செய்துகொண்டிருக்கின்றன. 2023-ல் அங்கே பிடிபட்ட ஒன்று 19 அடி! இதில் நமக்குப் பெருமையான சேதி ஒன்று உண்டு. 2017-ல் அந்தப் பாம்புகளைப் பிடிக்க அவர்கள் கூப்பிட்டது நம்ம தமிழ்நாட்டு இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரும் போன முதல் எட்டு நாளிலேயே 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெட்டை. தடம் பார்த்து, எச்சம் பார்த்து, புல் மடங்கியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். 2023-ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் பொது அறிவுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தூக்கிப் போவார்கள்?

எனக்கு இதுதான் ரொம்ப ஆர்வமாக இருந்தது. பாம்பை இடம் மாற்றுவதற்கு முன்னால் சில நாள் தீனி போட மாட்டார்கள். வயிற்றில் இரை இருக்கும்போது அசைத்தால் கக்கிவிடும், அதில் பாம்புக்கே ஆபத்து. தலையை ஒருத்தர் பிடிப்பார், உடம்பு நெடுக ஆட்கள் வரிசையாக நின்று தாங்குவார்கள். தொங்கவிட்டால் முதுகெலும்பு அடிபடும். கனமான துணிப்பையில் இறக்கி, வாயைக் கட்டி, காற்றோட்டம் உள்ள மரப்பெட்டியில் பையோடு வைப்பார்கள். பாம்புக்கு நம்மைப் போல உடம்பில் தானாகச் சூடு கிடையாது, அதனால் வண்டிக்குள் குளிரும் ஆகாது, கொதிக்கும் வெயிலும் ஆகாது. பங்குனி மாச சேலம் வெயிலில் மூடின வண்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது கதை.

ஜூவுக்குப் போனதும் நேராகக் கண்ணாடிக் கூண்டில் விட மாட்டார்கள். தனி அறையில் வாரக் கணக்கில் வைத்து, உண்ணி இருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா, எச்சத்தில் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் வளர்ந்த பாம்பு கொண்டுவரும் ஒரு நோய் அங்கே இருக்கும் எல்லாப் பாம்புக்கும் பரவிவிடலாம். புது இடத்தில் பாம்பு மாசக் கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். பெரியப்பா பண்ணைப் பாம்பு பன்னிரண்டு நாள் கோழியைத் தொடாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது திமிர் இல்லை, பயம்.

நம்ம நாட்டில்?

நம் நாட்டிலும் பாம்பு வளர்த்தவர் உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் கொடைக்கானலில் பள்ளி விடுதியில் படித்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பை வைத்திருந்தாராம். (நம்ம விடுதிக் காப்பாளர் இதைப் படிக்க வேண்டாம்!) அவர்தான் பின்னால், 1969-ல் சென்னை சேலையூரில் சின்னதாக ஒரு பாம்புப் பண்ணை ஆரம்பித்தார். அதுவே 1972-ல் கிண்டிக்கு இடம் மாறியது. இன்றைக்கும் அங்கே போய்ப் பார்க்கலாம். அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இப்போது யாராவது கட்டிலுக்கு அடியில் வைத்தால் கதையே வேறு. நம்ம மலைப்பாம்பு அட்டவணை ஒன்றில் புலியோடும் யானையோடும் சேர்ந்து இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. டீச்சர் முகம் ஏன் மாறியது என்று இப்போது புரிகிறதா?

வெளிநாட்டுப் பாம்புகளுக்கு ரொம்ப நாள் தெளிவான சட்டம் இல்லாமல் இருந்தது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் குட்டி மலைப்பாம்புகளோடு ஆள் பிடிபட்ட சேதியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டு விலங்குகளையும் சேர்த்தார்கள். 2024-ல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் அரசிடம் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் சொல்ல வேண்டும்.

அளப்பது சும்மா இல்லை

பெரியப்பா பாம்பை முதலில் பார்த்தவர் 15 அடி என்றார். ஊருக்குள் வருவதற்குள் 20 அடி ஆகிவிட்டது. வனத்துறைக்காரர்கள் அளந்தபோது 9 அடி! சிரிக்காதீர்கள், அமெரிக்காவிலும் இப்படித்தான். இல்லினாய் மாநிலத்தில் ஒரு தனியார் காட்சியகத்தில் ‘பேபி’ என்று ஒரு பர்மிய மலைப்பாம்பு இருந்தது. 182 கிலோ எடை, 27 அடி நீளம் என்று பேர் வாங்கியது. செத்த பிறகு அளந்தால் 18 அடி 10 அங்குலம்தான். உயிருள்ள பெரிய பாம்பு நேராகப் படுக்காது, நெளிந்துகொண்டே இருக்கும். இழுத்துப் பிடிக்கவும் ஆள் பலம் வேண்டும். கன்சாஸ் நகரத்தில் ‘மெடூசா’ என்ற பாம்பை 2011-ல் அளக்க 15 பேர் தேவைப்பட்டார்கள். 7.67 மீட்டர் வந்தது, ஃபிளஃபியை மிஞ்சிவிட்டது. பாம்பு உரித்த சட்டையை வைத்து அளந்தாலும் தப்புதான். தோல் நீண்டுகொடுக்கும், நிஜ நீளத்தைவிட அதிகமாகக் காட்டும். 30 அடிப் பாம்பை உயிரோடு கொண்டுவந்தால் பரிசு என்று நியூயார்க் விலங்கியல் கழகம் அறிவித்திருந்தது. 1,000 டாலரில் ஆரம்பித்து 50,000 டாலர் வரை ஏற்றியும் கடைசிவரை யாரும் வாங்கவில்லை.

பெரியப்பா மேல் வழக்கு வருமோ என்று ரெண்டு மாசம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. வரவில்லை. அதுவரை பெரியப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. பொங்கலுக்குத்தான், “வா கண்ணு, கரும்பு தின்னு” என்று கூப்பிட்டார். இந்த மாசம் பண்ணையில் மறுபடியும் ஒரு மலைப்பாம்பு தெரிந்ததாம். இந்தத் தடவை யாரும் சாக்கு எடுக்கவில்லை, நேராக வனத்துறைக்குப் போன் போயிருக்கிறது. “உன்ற பாம்பு திரும்பி வந்துருச்சோ என்னமோ” என்கிறார் பெரியப்பா. அதேதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகில் இருக்கும் திட்டுகள் ஒவ்வொரு மலைப்பாம்புக்கும் வேறு வேறாக இருக்கும் என்று டீச்சர் சொன்னார். போன வருஷம் நான் எடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அடுத்த இதழில் ஒட்டுகிறேன்.

வராந்தாவை வெள்ளிக்கிழமை கழுவுவார்கள். அதற்குள் கோட்டைப் பார்த்துவிடுங்கள்.