சேகர அறிக்கை எழுதப் போகிற மகளுக்கு

தருமபுரம், காரைக்கால்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ சேகரச் செயலாளர் ஆன செய்தியைப் பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். 2013-லேயே நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராக வந்துவிட்டார். நம் பக்கத்துச் சேகரத்தில் ஒரு பெண்ணின் கைக்கு மினிட் புத்தகம் வர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. போகட்டும், வந்ததே.

சபையின் இன்றைய நிலையையும் அடுத்த பத்து வருஷத்துக்கான எதிர்பார்ப்பையும் எழுதும் வேலையைக் குழு உன் தலையில் கட்டிவிட்டதாகவும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். முதலில் பழைய அறிக்கைகளை மூடி வை. கர்த்தருடைய கிருபையால் எல்லாம் சிறப்பாக நடந்தது என்று தொடங்கி, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்த செலவில் முடியும். அதைப் படித்தால் சபை செழிக்கிறதா தேய்கிறதா என்று யாருக்கும் விளங்காது.

உனக்கு ஒரு நல்ல முன்மாதிரி இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. நண்டலாற்றைத் தாண்டிப் பொறையாறு வழியாகப் போனால் தரங்கம்பாடி. சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கிய ஊர் என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பாய். 1919 மே 1, 2 தேதிகளில் அங்கே நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாருமாக 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர அத்தனை பேரும் இந்தியர்கள். முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமைக்காரர், 1912-இல் தோர்ணக்கல்லுக்குப் பேராயர் ஆனவர். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுவே முதல் தடவை.

அவர்கள் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படி. ஆரம்பப் பகுதியிலேயே எங்களுக்கு முன் பெரிய வேலை கிடக்கிறது, நாங்களோ பிரிந்து கிடந்து பலவீனப்பட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறமும் பொத்தாம்பொதுவாக ஒற்றுமை என்று நிறுத்தவில்லை. வேதாகமம், இரண்டு விசுவாசப் பிரமாணங்கள், இரண்டு சாக்கிரமெந்துகள், பேராயர் ஆளுகை என்று இணைவதற்கான அடிப்படையைப் பெயர் சொல்லி வைத்தார்கள். அடுத்த வருஷமே பெங்களூரில் கூட்டுக்குழு கூடியது. 1929-இல் திட்டத்தின் முதல் வரைவு வந்தது. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 28 வருஷம்! அசரியா 1945 புத்தாண்டு நாளிலேயே கண்ணை மூடிவிட்டார். கூட்டம் நடந்த தரங்கம்பாடியின் லுத்தரன் சபையோ இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறது. இப்படி நடக்காமல் போனதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். நினைத்தது பாதிதான் நடந்தது, நடந்த பாதியில்தான் நீயும் நானும் ஞானஸ்நானம் பெற்றோம்.

அந்த அறிக்கையில் எனக்கு ஒரு குறை உண்டு. எங்களைப் பிரித்தது வெளியிலிருந்து வந்த பிரிவினை, நாங்கள் உண்டாக்கியது அல்ல என்கிறார்கள். ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் சண்டைக்கு அது சரி. அந்தச் சண்டை கப்பலில்தான் வந்தது. சாதி கப்பலில் வரவில்லையே! 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர் சபைகள் கொந்தளித்தன. எதிர்த்தவர்களில் ஒருவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் மனமுருகிப் பாடுகிறோம். இந்த விஷயத்தை மட்டும் பேசுவதில்லை. தரங்கம்பாடியில் கூடியவர்கள் விட்டுவிட்ட பத்தியை நீ எழுது. உங்கள் கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று யார் தீர்மானித்தது? சேகரக் குழுவில் எந்தத் தெருக்காரர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை? அறிக்கையில் இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெள்ளையடித்த கணக்குதான்.

இன்றைய நிலையைச் சந்தா புத்தகத்தில் தேடாதே. அது தேர்தல் வருஷத்தில் வீங்கும், மற்ற வருஷங்களில் இளைக்கும். ஓட்டுரிமைக்காகப் பாக்கியை மொத்தமாகக் கட்டுகிறவர்கள் உண்டு; வருஷத்துக்கு ஒரு தரம்கூட எட்டிப் பார்க்காமல், கல்லறையில் இடம் போய்விடக் கூடாதே என்று பெயரை வைத்திருக்கிற குடும்பங்களும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வருஷத்தை எண்ணு. எது கூட, எது குறை என்று தெரியும். பிறகு திருவிருந்து ஞாயிறுகளில் பந்திக்கு வந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்.

போன வருஷம் உங்கள் அறுப்பின் பண்டிகைக்கு வந்திருந்தேனே, ஏலத்தில் ஒரு பூவன் தாருக்குத் துபாயிலிருந்து ஒருவர் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே அவருடைய அண்ணன் காதில் போனை வைத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போனார். ஐயாயிரத்தில் மணியடித்தார்கள், கைதட்டல் அடங்கவில்லை. தார் மட்டும் அங்கேயே கிடந்தது, எடுத்துப்போக ஆள் இல்லை. கடைசியில் உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் வெளியூர்ப் பணம் வருகிறது, வெளியூர் போனவர்கள் வருவதில்லை என்பதை வரவு செலவுப் பக்கத்தில் ஒரு வரியாக எழுது. சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போனவர்களை நம்பி மண்டபம் கட்டத் திட்டம் போடுகிற சேகரங்கள் இங்கே நிறைய. கட்டிய பிறகு கரண்ட் பில்லை யார் கட்டுவது?

சபைக்கு வெளியே இருப்பவர்களையும் கேள். நான் யாழ்மூரிநாதர் கோயில் மணி கேட்கிற தெருவில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் நம் கன்வென்ஷன் பற்றி யாருக்கும் நினைவில்லை, ஒலிபெருக்கிச் சத்தம் தவிர. 2004 டிசம்பர் 26-இல் சுனாமியாகக் கடல் வந்ததும் ஒரு ஞாயிறு காலைதான், ஆராதனைக்கு நேரம். அந்த வாரம் நம் ஆட்கள் அண்டாவில் சோறு பொங்கிப் போட்டதை இன்னும் சொல்கிறார்கள். எதிர்பார்ப்பு என்ற தலைப்புக்கு அதில் ஏதாவது கிடைக்கும்.

எதிர்பார்ப்புப் பகுதியில் மூன்று காரியத்துக்கு மேல் எழுதாதே. ஒன்றாவது உன் குழுவின் மூன்று வருஷத்துக்குள் முடியாததாக இருக்கட்டும். முடிந்துவிடக்கூடியதை மட்டும் எழுதினால் பெயின்ட், டைல்ஸ், மைக் செட் தாண்டாது. ஆயர் ஐயா மாற்றலாகிப் போவார், நீயும் ஒரு நாள் இறங்குவாய். அடுத்து வருகிறவர் எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும்படி எழுது.

வரைவைக் குழுவில் வாசிக்கும்போது கல்லறைப் பத்திக்குச் சண்டை வரும். சமாதானத்துக்காக அதை எடுத்துவிடச் சொல்வார்கள், பெரியவர்களே சொல்வார்கள். எடுக்காதே. அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

இப்படிக்கு,
பெரியப்பா