சுரூபம் இருந்தாலே விக்கிரக ஆராதனையா?

நாசரேத், எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிகன் மிஷனில் வளர்ந்து மிஷனரி மர்காஷிஸ் ஐயர் காலத்தில் செழித்த ஊர். இன்றும் சிஎஸ்ஐ ஊர். கடற்கரைப் பக்கம் போனால், மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை, 1530களிலிருந்தே கத்தோலிக்கம். ஜூலை 26இல் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியதும், “ஆர்சிக்காரர்கள் விக்கிரகத்தைக் கும்பிடுகிறார்கள்” என்ற பேச்சு நம் வீடுகளில் கிளம்பிவிடும்.

நம்பிக்கை: இரண்டாம் கட்டளையைக் கத்தோலிக்கர் நீக்கிவிட்டார்கள்.

உண்மை: நீக்கவில்லை. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் (அவர்களுக்கு விடுதலைப் பயணம்) அவர்கள் வேதத்திலும் முழுமையாக இருக்கிறது. மூலத்தில் கட்டளைகளுக்கு எண் கிடையாது. அகுஸ்தீன் எண்ணிய முறையில் சுரூபம் பற்றிய வசனங்கள் முதல் கட்டளைக்குள் அடங்குகின்றன. லூத்தரின் ஞானோபதேசமும் அதே முறைதான். ஆனால் தரங்கம்பாடி லுத்தரன்களை யாரும் குற்றம் சொல்வதில்லை.

நம்பிக்கை: உருவம் செய்வதையே வேதம் தடுக்கிறது.

உண்மை: ஐந்தே அதிகாரம் தள்ளி, உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இரண்டு பொன் கேருபீன்களைச் செய்யச் சொல்கிறார் கர்த்தர். சாலொமோனின் ஆலயத்தில் வெண்கலக் கடல்தொட்டியைத் தாங்கியவை 12 காளை உருவங்கள். எண்ணாகமம் 21இல் மோசே வெண்கலச் சர்ப்பத்தைக் கம்பத்தில் ஏற்றினார். பாம்பு கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். பல தலைமுறைக்குப் பின் ஜனங்கள் அந்தச் சர்ப்பத்துக்கே தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். மோசே செய்ததும் சரி, எசேக்கியா உடைத்ததும் சரி. இடையில் கெட்டது ஜனங்களின் நெஞ்சு. இந்த வழக்குக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பை வேதத்தில் நான் பார்க்கவில்லை.

நம்பிக்கை: மாதா சுரூபத்துக்குள்ளேயே சக்தி இருக்கிறது.

உண்மை: இதைக் கத்தோலிக்கத் திருச்சபையே மறுக்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, சுரூபத்துக்கு வெறும் வணக்கம் என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்தது. சுரூபத்தில் தெய்வத்தன்மையோ வல்லமையோ இல்லை, அதனிடம் எதையும் கேட்கக் கூடாது, மரியாதை அது குறிக்கும் ஆளுக்கே சேரும் என்று 1563இல் திரெந்து சங்கம் சொன்னது. 1555இல் மணிலாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பனிமய மாதா சுரூபத்துக்கும் இதே விதிதான். ‘அந்த ஊர் மாதாவைவிட இந்த ஊர் மாதா சீக்கிரம் வரம் தருவாள்’ என்று நேர்ச்சை வைப்பவர்கள் தங்கள் சபையின் போதனையையே மீறுகிறார்கள். பங்குத்தந்தையர் திருவிழா மறையுரையிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம், சிஎஸ்ஐக்காரர் மரியாளை மதிப்பதில்லை என்ற பேச்சும் பொய். ஆங்கிலிகன் மாலை ஜெபத்தில் மரியாளின் பாட்டு 1549 முதல் இருக்கிறது.

நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதா தேர் பார்க்கப் போகிறவர்களை விக்கிரகக்காரர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். எண்ணாகமம் 21ஐயும் 2 இராஜாக்கள் 18ஐயும் ஒரே பாடமாக நடத்துங்கள்.