வந்தவருக்கு என்ன கொடுப்போம்?

வேலியோரத்துப் பானங்கள் பற்றிய ஒரு பாடம்

எம்மவர் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் எழும் கேள்வி, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்பதுதான். வீடு போனது, வயல் போனது, கிணறும் மாடும் போயின. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் எம்மோடு கூடவே இடம்பெயர்ந்து வந்தது. ஓலைக் கொட்டிலில் இருந்தபோதும், பாடசாலை மண்டபத்தில் இருந்தபோதும் வந்தவரிடம் அதைக் கேட்டோம். கேட்டபின் தேயிலைப் பேணியையும் சீனிப் போத்தலையும் திறந்து பார்க்கும்போதுதான் வீட்டுத் தலைவியின் முகம் வாடுகிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீனி, தேயிலை, பால்மா ஆகிய மூன்றும் ஏழைக் குடும்பங்களின் கைக்கு எட்டாமற் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

தேத்தண்ணி இல்லையென்றால் வந்தவருக்குக் கொடுக்க எதுவுமில்லை என்பது சரியா? வேலியோரத்தில் நிற்கும் செடிகளில் இருந்தே வாசமும் சுவையும் உள்ள பானங்களை ஆக்க முடியாதா? இக்கேள்விகளுக்கு இப்பாடத்தில் விடை தேடுவோம். மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ ஒன்றுகூடும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடினால் பயன் அதிகமாகும்.

1. தேத்தண்ணி எப்போது எம்மிடம் வந்தது?

தேயிலை எமது முன்னோரின் பானம் அன்று. வெள்ளையர் காலத்தில் மலைநாட்டில் முதலில் பெருமளவிற் பயிரிடப்பட்டது கோப்பியே. 1869 ஆம் ஆண்டில் இலைகளைத் தாக்கும் துரு நோய் தோன்றி, சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த நிலத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அந்தத் தேயிலை எமது அடுப்படிக்கு வந்து பழகியது அதன் பின்னரே. அதற்கு முன் எமது ஊர்களில் கஞ்சியும் கூழும் மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீருமே களை தீர்த்தன.

இதனைச் சொல்வது தேயிலையைப் பழிப்பதற்கல்ல. அது மலையக உறவுகளின் வியர்வையில் விளைவது. நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை தேத்தண்ணி சுகமாயுள்ள பெரியவருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் பழக்கமாய் வந்த ஒன்றைக் கட்டாயமென்று எண்ணவேண்டியதில்லை.

2. அளவு மிஞ்சினால்

தேயிலையிலும் கோப்பியிலும் கஃபீன் என்னும் பொருள் இருக்கிறது. களைப்பை மறைத்து உற்சாகம் தருவது இதுவே. ஒரு கோப்பை தேத்தண்ணியில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராமும், கோப்பியில் 100 மில்லிகிராம் வரையும் இருக்கும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்க ஏறக்குறைய 5 மணித்தியாலம் செல்லும். மாலையில் குடித்துவிட்டு இரவில் நித்திரை வரவில்லை என்று புரள்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஏற்கெனவே கவலையால் நித்திரை கெட்டவர்களுக்கு இது மேலும் ஒரு சுமை. கர்ப்பிணித் தாய்மாரின் உடம்பில் கஃபீன் இன்னும் நீண்ட நேரம் தங்கும். நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இரண்டாவது காரியம் இரும்புச்சத்து. தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது தடுக்கிறது. இறைச்சியும் மீனும் குறைவாக உண்ணும் குடும்பத்துக்கு இரும்புச்சத்து பெரும்பாலும் கீரையிலிருந்தே வருகிறது. மத்தியானம் முருங்கையிலை வறையோடு சோறு உண்டுவிட்டு, உடனே சாயம் கூடிய தேத்தண்ணி குடித்தால் கீரையின் பயனில் ஒரு பங்கை நாமே தடுத்துவிடுகிறோம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதும் அப்படியே.

மூன்றாவது காரியம் பசி. காலையில் பிள்ளைக்கு வெறுந் தேத்தண்ணி கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. சீனி சற்றுநேரம் பசியை அமர்த்தும். ஆனால் அது உணவாகாது. இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: கீழே நாம் கூறப்போகும் எந்தப் பானமும் உணவாகாது. பிள்ளைக்குக் காலையில் தேவை குரக்கன் கூழோ, கஞ்சியோ, அவித்த பயறோதான். பானம் அதற்குப் பின்னரே.

3. குடிக்க ஆசை வரவேண்டும்

"மூலிகை" என்றதும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். கசாயம் என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது என்ற எண்ணம் எமக்கும் உண்டு. மருந்துபோற் கசக்கும் பானத்தை யாரும் ஒரு கிழமைக்கு மேல் குடிக்கமாட்டார்கள். ஆகவே வாசம், நிறம், சூடு ஆகிய மூன்றையும் கவனித்தே ஆக்கவேண்டும். கீழே உள்ளவை அப்படித் தெரிந்தவை. அளவுகள் நான்கு பேருக்கானவை.

மல்லித் தண்ணீர்: இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வெறுஞ்சட்டியில் வாசம் எழும்வரை வறுத்து, ஒன்றிரண்டாய் இடித்துக்கொள்ளுங்கள். விரல்நுனி அளவு வேர்க்கொம்பைத் தட்டிச் சேருங்கள். ஐந்து கோப்பை தண்ணீர் நான்காக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடித்தெடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மிளகும் சேர்க்கலாம். வறுப்பதிலேதான் இதன் ருசி இருக்கிறது, கருகவிட்டால் கசக்கும்.

ஆவரசம்பூத் தேநீர்: மன்னார் முதலிய வறண்ட கரையோரங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவரசை எமக்குத் தெரியும். சிங்கள மக்கள் "ரணவரா" என்று பெயரிட்டுக் குடிப்பதும், கடைகளில் பக்கெற்றில் விற்பதும் இதுவே. பூவை நிழலிற் காயவைத்து, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொதித்த நீரிற் போட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடத்தின் பின் வடியுங்கள். நிறத்திலும் மெல்லிய துவர்ப்பிலும் தேத்தண்ணிக்கு மிகக் கிட்ட வருவது இது.

எலுமிச்சம்புல் தேநீர்: சிங்களத்தில் "சேர" எனப்படும் இப்புல்லின் இரண்டு தாள்களைக் கசக்கி முடிந்து கொதிநீரில் இட்டு, ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டால் வீடெல்லாம் மணக்கும். துளசியிலை சேர்த்தால் இன்னும் நல்லது. வந்தவருக்குக் கொடுக்க இதைவிடச் சிறந்த பானம் இல்லை. கோப்பை கைக்கு வருமுன்பே வாசம் வந்துவிடும்.

செவ்வரத்தம்பூப் பானம்: ஐந்து சிவப்புப் பூக்களின் இதழ்களை மாத்திரம் எடுத்துக் கழுவி, சுடுநீரில் ஊறவிடுங்கள். தண்ணீர் ஊதா நிறமாகும். பாதித் தேசிக்காயைப் பிழிந்தவுடன் அது நல்ல சிவப்பாக மாறும். இதைப் பிள்ளைகளின் முன்னே செய்யுங்கள். பின்பு குடியென்று சொல்லவேண்டிய தேவை இராது. ஆறவைத்தும் குடிக்கலாம்.

வறுத்த தானியக் கோப்பி: கோப்பியின் கறுப்பையும் கைப்பையும் விரும்புவோர்க்கு இது ஏற்றது. குரக்கன், சோளன், சிவப்பரிசி ஆகியவற்றில் ஒன்றைக் கடும் மண்ணிறமாகும்வரை மெதுவாக வறுத்து இடித்து, பேணியில் அடைத்து வையுங்கள். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டு வடியுங்கள். ஜப்பானில் வறுத்த பார்லியையும், கொரியாவில் வறுத்த சோளனையும் இப்படிக் காய்ச்சி நாள்தோறும் குடிக்கிறார்கள். எனவே இதைப் பஞ்சகாலத்துப் பானமென்று குறைவாக எண்ணவேண்டாம்.

நன்னாரி வேர், வில்வம்பூ ஆகியவற்றையும் இவ்வாறே காய்ச்சலாம். நன்னாரியை வேரோடு பிடுங்கினால் அடுத்த ஆண்டுக்கு இல்லாமற் போகும். ஒரு பகுதி வேரை மண்ணிலேயே விட்டுவிடவேண்டும்.

4. சீனிக் கணக்கு

ஐந்து பேருள்ள குடும்பம், ஆளுக்கு நாளுக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால், நாளொன்றுக்கு 120 கிராம். முப்பது நாளுக்கு 3.6 கிலோ. உங்கள் ஊர்க் கடை விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். தேயிலையை மாற்றிவிட்டுச் சீனியை அப்படியே வைத்திருந்தால் மிச்சம் சொற்பமே.

எமது பெரியவர்கள் பானத்திற் சீனி கரைக்காமல், பனங்கட்டியை ஒரு கடி கடித்து ஒரு மிடறு குடித்தார்கள். நாவுக்கு இனிப்புத் தெரியும், செலவும் குறையும், பனையை நம்பி வாழும் குடும்பத்துக்கும் நாலு காசு போகும். ஆனால் பனங்கட்டியும் இனிப்பே. நீரிழிவு உள்ளவர்கள் அதையும் தவிர்க்கவேண்டும்.

5. அவதானம் தேவை

செடியை அறிந்து பறியுங்கள். ஆவரசைப்போல மஞ்சட்பூப் பூக்கும் பொன்னாவரை வேறு செடி. ஆவரசின் சிற்றிலைகள் சிறியவை, நுனி மழுங்கியவை, 8 முதல் 12 சோடி இருக்கும். இலைக்காம்பின் அடியில் காதுபோன்ற சிறு இலை ஒட்டியிருக்கும். காய் கடதாசிபோல் தட்டையானது. பொன்னாவரையின் சிற்றிலைகள் கூர்மையானவை, 4 முதல் 6 சோடி மாத்திரமே. கசக்கினால் கெட்ட மணம் வரும். பொன்னாவரை விதையை வறுத்துக் கோப்பியாகக் குடிக்கும் நாடுகள் உண்டு. நாம் அதைச் செய்யக்கூடாது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் இவ்விதையை உண்ட சிறுபிள்ளைகள் ஈரலும் மூளையும் தசையும் பாதிக்கப்பட்டு இறந்ததை 2007 ஆம் ஆண்டளவில் மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் சிறுபீளை எனப்படும் தேங்காய்ப்பூக்கீரையை, அதாவது "பொல்பலா"வை, வைத்தியரைக் கேளாமல் குடிக்கவேண்டாம். வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். நீரிழிவுக்குக் குளிசை எடுப்போர் ஆவரசம்பூவைத் தினமும் குடிக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் கறிக்குச் சேர்க்கும் மல்லி, சீரகம், இஞ்சி ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். துவர்ப்புள்ள பானம் எதுவானாலும், ஆவரசம்பூவாயினும், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்தே குடியுங்கள்.

மருந்து தெளித்த வெங்காய, புகையிலைத் தோட்டங்களின் வரம்பிலும், வாகனப் புகை படியும் தெருவோரத்திலும் பறிக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்துக்கோ, வெடிபொருள் அகற்றப்படாத பற்றைக்குள்ளோ பூப்பறிக்கப் போகவேண்டாம். பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். ஒரு பிடி பூவுக்கு ஒரு கால் விலையாகாது.

நாளுக்கு ஐந்தாறு தேத்தண்ணி குடித்தவர் திடீரென நிறுத்தினால் அடுத்த நாள் தலையிடிக்கும், சினமும் வரும். இது நோயல்ல, கஃபீன் பழக்கம் விடுபடும் அறிகுறி. சில நாட்களுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்து, அந்த இடத்தில் வேறு பானத்தை வைத்தால் துன்பம் இராது. மாலைக் கோப்பையை முதலில் மாற்றுங்கள், நித்திரை சீராகும்.

6. காணி எமதல்லாதபோது

"இரவற் காணியில் இருக்கிறோம், எதை நடுவது?" என்று கேட்பவர்களுக்கு: பழைய உரப்பைகளை நன்றாகக் கழுவி, மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பி எலுமிச்சம்புல், துளசி, கற்பூரவள்ளி, இஞ்சி ஆகியவற்றை நடலாம். கிணற்றடிக் கழிவுநீர் போதும். காணிக்காரர் எழும்பச் சொன்னாலும், சொந்த ஊர் திரும்பும் நாள் வந்தாலும், பைகளை எம்மோடு கொண்டுபோகலாம். செவ்வரத்தையைத் தடி வெட்டி வேலியில் ஊன்றினாலே வளரும்.

பறித்த பூவையும் இலையையும் கழுவி, சுத்தமான பாயில் நிழலில் உலர்த்தி, கையால் நொறுங்கும் பதம் வந்தபின் காற்றுப்புகாத போத்தலில் அடையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டிவிடுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே தரத்தில் உலர்த்தினால் ஊர்ச் சந்தையில் விற்கவும் வழி பிறக்கும். முதலில் எமது வீட்டார் விரும்பிக் குடிக்கட்டும்; விற்பனையை அதன்பின் யோசிப்போம்.

கலந்துரையாடுவோம்

1. எமது வீட்டில் ஒரு மாதத்துக்குத் தேயிலை, கோப்பி, சீனி, பால்மா ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகை எவ்வளவு? அதில் பாதி மிஞ்சினால் பிள்ளைகளுக்கு என்ன உணவு வாங்கலாம்?

2. எமது பாட்டிமார் விருந்தினருக்கு எதைக் கொடுத்தார்கள்? சங்கத்திலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிப்பவர் எம்மில் எத்தனை பேர்? நேரத்தை மாற்ற என்ன தடை?

செய்து பார்ப்போம்

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு செடியின் கிளையைக் கொண்டுவாருங்கள். எது ஆவரசு, எது பொன்னாவரை என்று எல்லோரும் தொட்டுப் பார்த்து அறியட்டும். பின்பு மூன்று வகைப் பானம் காய்ச்சி, பெயர் சொல்லாமற் கொடுத்து, எது பிடித்தது எனக் கைதூக்கச் சொல்லுங்கள். அதிக கை எழுந்த பானத்தையே, அடுத்து வரும் விருந்தினருக்கு வெட்கமின்றிக் கொடுப்போம்.