அரைப் பக்கமாவது எழுதுங்கள்

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமான தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இது: "சார், கோட் எழுதவே நேரம் போதலை. கத்துக்கிட்டதைக் கட்டுரையா வேற எழுதணுமா?" எழுதணும். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் உங்களுக்காக எழுதுங்கள். ஒருமுறை எங்கள் தினசரி விற்பனை அறிக்கையில் கணக்கு இடித்தது. மூன்று ராத்திரி தேடினோம். சர்வர் எல்லா நேரத்தையும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் பதிந்துகொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5.30 வரை நடந்த விற்பனை எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. சரிசெய்துவிட்டுத் தூங்கப் போனோம். மறுநாள் அதைக் குறிப்பாக எழுத உட்கார்ந்தேன். நாலாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. அப்படியானால் ஒன்றாம் தேதி விடிகாலை விற்பனை? அது போன மாதக் கணக்கில் அல்லவா சேர்ந்திருக்கும்! மாத அறிக்கையை நாங்கள் தொடவே இல்லை. மூன்று ராத்திரி கோட் வரிகளைப் பார்த்தும் கண்ணில் படாத ஓட்டை, எழுதும்போது பட்டது. அந்த ஒன்றுக்காகவே எழுதலாம் என்பேன்.

2. எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணாதீர்கள். அந்தக் குறிப்பை அப்போது நாலைந்து பேர் படித்திருந்தால் அதிகம். நாலு வருடம் கழித்து வேறொரு டீமில் ஒரு பெண் இதே சிக்கலில் மாட்டி, அதைத் தேடியெடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டாள். நான் அந்த ப்ராஜெக்டை விட்டே போயிருந்தேன்.

3. எல்லாம் தெரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். 1969 ஏப்ரலில், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையின் கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று முதல் குறிப்பை எழுதிய ஸ்டீவ் க்ராக்கர் அப்போது மாணவர். தங்கியிருந்த வீட்டில் நண்பர்களின் தூக்கம் கெடக் கூடாது என்று குளியலறையில் உட்கார்ந்து எழுதினார். அதிகாரமாகத் தொனிக்கக் கூடாது என்பதற்காக "கருத்துச் சொல்லுங்கள்" என்று பொருள்படும் "ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ்" (ஆர்.எஃப்.சி.) என்ற பெயரை வைத்தார். அந்த ஆர்.எஃப்.சி. வரிசை இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இணையத்தின் விதிகள் அதில்தான் இருக்கின்றன. அரைகுறையாகத் தெரிந்ததை அரைகுறை என்றே சொல்லி எழுதினால் ஒரு குற்றமும் இல்லை.

4. சறுக்கியதை மறைக்காதீர்கள். 1971இல் வந்த யூனிக்ஸ் கையேட்டிலேயே கட்டளைகளின் பக்கங்களில் "பிழைகள்" என்று தனிப் பகுதி உண்டு. செய்தவர்களே தங்கள் குறையை எழுதி வைத்தார்கள். நீங்கள் முதலில் என்ன நினைத்தீர்கள், அது ஏன் தப்பாகப் போயிற்று என்பதைத்தான் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் தேடுவார்.

5. மேனுவலில் இருப்பதையே திருப்பி எழுதுவது வீண் வேலை.

6. கம்பெனி ரகசியம், வாடிக்கையாளர் பெயர், பாஸ்வேர்டு ஒன்றும் வெளியே போகக் கூடாது. சந்தேகம் இருந்தால் மேனேஜரைக் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

7. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி எழுத உட்காராதீர்கள். பிரச்சினை தீர்ந்த மறுநாள் காலை உட்காருங்கள், சூடு ஆறியிருக்காது. முடிந்தால் தமிழிலும் எழுதுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் வருட இன்ஜினியரிங் வகுப்பில் திணறும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

8. தலைப்புக்குக் கீழேயே தேதியும், பயன்படுத்திய மென்பொருளின் வெர்ஷன் எண்ணும் போடுங்கள். தேதி இல்லாத ஒரு குறிப்பை நம்பி, எப்போதோ நீக்கப்பட்டுவிட்ட ஒரு செட்டிங்கை நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.